பிராண்டடா, அசெம்பிள்டா? மூன்று கம்ப்யூட்டர் வாங்கியதில் தெரிந்தது

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், "பிராண்டட் வாங்கு, தலைவலி இல்லை" என்று ஒரு கூட்டமும் "அசெம்பிள் பண்ணு, பாதி விலைதான்" என்று இன்னொரு கூட்டமும் கிளம்பிவிடும். பாதி விலை என்பதெல்லாம் பழைய கதை. இன்றைக்கு அதே தரத்துப் பாகங்களைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் வித்தியாசம் சில ஆயிரங்களோடு நின்றுவிடுகிறது. ஒரிஜினல் விண்டோஸையும் கூட்டினால் சில சமயம் பிராண்டட்தான் மலிவாக வருகிறது.

நான் கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங்கும் ஆல்பம் டிசைனும் செய்கிறேன். கம்ப்யூட்டரோடு புழங்குகிறவன் என்பதால் சொந்தக்காரர்கள் யார் வாங்கினாலும் போன் எனக்குத்தான் வரும். மச்சானுடைய ஆபீசுக்கு, அக்கா மகனுக்கு, அப்புறம் என் ஸ்டூடியோவுக்கு என்று மூன்று விதமாகவும் வாங்கிப் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் பட்ஜெட்டுக்கு முன்னால் கேட்டது இதைத்தான்: ஒரு நாள் காலையில் பட்டனை அமுக்கி டிஸ்ப்ளே வரவில்லை என்றால், எந்தப் பாகம் போச்சு என்று கண்டுபிடிக்கப்போவது யார்? அதுவரை வேலை நின்றால் தாங்குமா?

நம் ஊரில் வழி இரண்டு இல்லை, மூன்று. பிராண்டட் ஒன்று. பாகங்களை வாங்கி நாமே மாட்டுவது ஒன்று. நடுவில், கடையில் கொட்டேஷன் வாங்கி அவர்களையே மாட்டித் தரச் சொல்வது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் இந்த நடு வழியை மறந்துவிடுகிறார்கள். இங்கே "அசெம்பிள்டு சிஸ்டம்" என்றால் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான்.

மச்சான் ஆபீஸ்

மச்சான் மயிலாடுதுறையில் ஆடிட்டர். டேலி, எக்செல், ஜிஎஸ்டி, வருமான வரி போர்ட்டல், இவ்வளவுதான் அங்கே வேலை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்தப்போகிறது என்றதும் பழைய மெஷின்களை மாற்றியே ஆக வேண்டிய நிலை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறைச் சிப்பாவது (பிராசசர்) வேண்டும். அவரிடம் இருந்தவை அதற்கும் முந்தியவை.

"மாப்ளே, நீயே வந்து மாட்டிக் குடுத்துடேன், நாலு காசு மிச்சமாகும்ல" என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆடிட் ரிப்போர்ட்டுக்குக் கடைசித் தேதி பொதுவாக செப்டம்பர் 30. அந்த வாரத்தில் ஒரு மெஷின் படுத்தால், நான் ஏதாவது ஒரு மண்டபத்தில் கேமராவோடு நின்றுகொண்டிருப்பேன். அவருடைய ஆபீசில் இருப்பவர்களுக்கு கேபினெட்டைத் திறக்கத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்று வருஷ ஆன்சைட் வாரண்டியோடு பிராண்டட் டெஸ்க்டாப் வாங்கினோம். கொஞ்ச நாளிலேயே ஒன்றில் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி, போனது. போன் போட்ட மறு வேலைநாள் இன்ஜினியர் கையில் புது எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்து மாற்றிவிட்டுப் போனார். இந்த விஷயமே அடுத்த தடவை விருந்துக்குப் போனபோதுதான் எனக்குத் தெரியும். பிராண்டட் விலையில் நாம் கூடுதலாகக் கொடுப்பது இந்த நிம்மதிக்கான காசுதான்.

ஆனால் பிராண்டட் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது. "ஆன்சைட்", "கேரி-இன்" என்று இரண்டு வகை வாரண்டி உண்டு. இரண்டாவது என்றால் மெஷினைத் தூக்கிக்கொண்டு நாம்தான் சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டும். ஆன்சைட் என்றாலும் நம் பின்கோடுக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிடைக்கிற வேகம் சீர்காழியில் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. விலை ரொம்பக் குறைவாகத் தெரிந்தால் ஃப்ரீடாஸ் போட்ட மாடலாக இருக்கும், அதாவது விண்டோஸ் இல்லாமல். விண்டோஸோடு வருகிற மாடலில் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே (மற்ற பாகங்கள் எல்லாம் உட்காருகிற பலகை) பதிந்திருக்கும்; ஃபார்மேட் பண்ணி மறுபடி போட்டாலும் அதுவாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். ராம் ஒரே ஸ்லாட்டில் 8 ஜிபி இருந்தால், இரண்டாவது ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பில்லில் ஆபீசின் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்லுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். இதை ஆடிட்டருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது வேறு கதை.

இன்னொன்று கொஞ்சம் முக்கியம். எஸ்எம்பிஎஸ் மாற்றிய மெஷினின் பக்கத் தகட்டை ஒருநாள் கழற்றிப் பார்த்தேன். வழக்கமான மதர்போர்டில் பளிச்சென்று தெரிகிற 24 பின் பவர் கனெக்டர் அதில் இல்லை. அதற்குப் பதில் சின்னதாக வேறொரு கனெக்டர், 12 வோல்ட் மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை போர்டே பிரித்துக்கொள்கிற ரகம். எஸ்எம்பிஎஸ்ஸின் உருவமும் கடையில் கிடைக்கிற அளவு இல்லை. ஆபீஸ் டெஸ்க்டாப்புகளில் இது சகஜம். வாரண்டி இருக்கும்வரை இதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. அது முடிந்த பிறகு எஸ்எம்பிஎஸ் போனால் அதே மாடலைத் தேடி அலைய வேண்டும். "இப்போ பிராண்டட் வாங்கிக்கறேன், அப்புறமா கிராபிக்ஸ் கார்டு போட்டுக்கறேன்" என்று கணக்குப் போடுகிறவர்கள் இடிக்கிற இடமும் இதுதான். மதர்போர்டு ஸ்லாட் மட்டும் கொடுக்கக்கூடிய பவர் அதிகபட்சம் 75 வாட். அதற்குள் அடங்குகிற கார்டுகள் சிலதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் வர வேண்டும், இந்த மெஷின்களில் அந்த ஒயரே இருக்காது.

அக்கா மகனும் ரிச்சி தெருவும்

அக்கா மகன் இன்ஜினியரிங் சேர்ந்தான். புரோகிராமிங், கொஞ்சம் கேட் (CAD) டிராயிங், நிறைய கேம். லேப்டாப் ஏற்கெனவே இருந்ததால் டெஸ்க்டாப்தான் வேண்டும் என்று பிடிவாதம். "மாமா, ரிச்சி ஸ்ட்ரீட் போலாம் மாமா" என்று நச்சரித்துச் சென்னைக்குக் கூட்டிப்போனான்.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு, அதையொட்டி நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு. பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு, மும்பைக்கு லாமிங்டன் ரோடு, டெல்லிக்கு நேரு பிளேஸ் மாதிரி, கம்ப்யூட்டர் பாகங்களுக்கு நமக்கு இது. ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலான கடைகள் ஷட்டர் இறக்கியிருக்கும். முதல் தடவை போகிறவர்கள் ஒரே கடையில் உட்கார்ந்துவிடாமல், இரண்டு மூன்று இடத்தில் எழுதிக் கொட்டேஷன் வாங்கிக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்.

கொட்டேஷனைப் படிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்களுக்கு வந்த முதல் கொட்டேஷன் இப்படி: "ஐ5 12-ஆம் தலைமுறை, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, கேபினெட் வித் 450 வாட் எஸ்எம்பிஎஸ்." நான்கு அயிட்டத்திலும் மாடல் எண் கிடையாது. நான்கிலும் கடைக்காரர் எதை வேண்டுமானாலும் போடலாம்.

ஐ5 12400 என்று ஒன்று இருக்கிறது, 12400எஃப் என்று ஒன்று இருக்கிறது. இன்டெல் சிப்பில் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் வேலை செய்யாது. தனி கார்டு இல்லாமல் டிஸ்ப்ளே வராது. கொஞ்சம் மலிவு, கார்டு வாங்குகிறவர்களுக்கு நல்ல பேரமும்கூட. ஆனால் நாளைக்குக் கார்டு கெட்டால் அதைக் கண்டுபிடிக்கவே இன்னொரு கார்டு வேண்டும். ஏஎம்டியில் ரைசன் 5000 வரிசையில் ஜி என்ற எழுத்து இருந்தால்தான் கிராபிக்ஸ் உண்டு: 5600ஜியில் உண்டு, 5600-ல் இல்லை. ஏஎம்5 என்ற சாக்கெட்டில் (சிப்பைப் பொருத்தும் இடம்) வந்த 7600 மாதிரிச் சிப்புகளில் டிஸ்ப்ளே காட்டுமளவுக்குச் சின்னதாக ஒன்று இருக்கிறது.

அடுத்து, பாக்ஸா ட்ரேயா என்று கேட்க வேண்டும். இன்டெல், ஏஎம்டி பெட்டியில் அடைத்து விற்கிற சிப்புக்கு மூன்று வருஷ வாரண்டி கம்பெனியிடமிருந்தே கிடைக்கும். பெட்டி இல்லாமல் வருகிற ட்ரே சிப் என்றால் கடைக்காரர்தான் நமக்குக் கம்பெனி. ராம் 16 ஜிபி என்றால் 16 ஒன்றா, 8 இரண்டா? சிப்பில் உள்ள கிராபிக்ஸை நம்பி ஓட்டப்போகிறீர்கள் என்றால் இரண்டாகப் போட்டால் வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவு கூடும். ஆனால் போர்டில் இரண்டே ஸ்லாட் இருந்தால் பிற்பாடு கூட்ட இடமிருக்காது.

அந்த "கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்" என்பதை நான் எப்போதும் அடித்துவிடுவேன். கேபினெட் தனி, எஸ்எம்பிஎஸ் தனி. அட்டையில் 450 என்று அச்சடித்திருப்பது அந்த டப்பா உண்மையிலேயே கொடுக்கும் வாட்டுக்குச் சாட்சி இல்லை. 80 பிளஸ் முத்திரை பார்த்து வாங்குங்கள் என்பார்கள், சரிதான், ஆனால் அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். ஷார்ட் ஆனால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளுமா என்பதைச் சொல்லாது. வாரண்டி எத்தனை வருஷம் என்று பார்ப்பது நல்ல குறுக்கு வழி. ஐந்து வருஷமும் அதற்கு மேலும் கொடுக்கிறவர்கள் கொஞ்சமாவது யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

ஒருவழியாக மாடல் எண்ணோடு கொட்டேஷன் வாங்கி, பணம் கட்டி, மாட்டும் மேஜைக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். மாட்டிய பையனின் வேகத்தைப் பார்க்க வேண்டும்! மேனுவலைத் தொடவில்லை. முன்பக்கத்து பவர், ரீசெட், எல்இடி ஒயர்களை, நான் கண்ணாடி போட்டு எழுத்து எழுத்தாகப் படித்துச் செருகுகிற அந்த ஒயர்களை, பேசிக்கொண்டே செருகினான். ஆனால் மேஜையில் இருந்த எஸ்எம்பிஎஸ் பெட்டி கொட்டேஷனில் இருந்த மாடல் இல்லை. கேட்டேன். "அண்ணே, அது ஸ்டாக் இல்லண்ணே, இதுவும் அதே வாட்டுதான்." வாட் அதேதான், வாரண்டி பாதிகூட இல்லை. கொட்டேஷனைக் காட்டி அதுதான் வேண்டும் என்றதும் பக்கத்துக் கடையிலிருந்து உடனே வந்துவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்ததால் கிடைத்தது, அவ்வளவுதான். பில்லில் எல்லாப் பாகத்தின் சீரியல் எண்ணையும் போட்டுக் கேளுங்கள். காலிப் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

விண்டோஸ் என்ன பண்ணலாம் என்றால் "போட்டுத் தரோம்ணே" என்பார்கள். அது கிராக், அதாவது திருட்டு விண்டோஸ். ஆக்டிவேட்டர் என்ற பெயரில் என்னென்ன உள்ளே வருகிறது என்று யாருக்கும் தெரியாது. காசு கொடுத்து வாங்குங்கள், இல்லையென்றால் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கிற உபுண்டு போட்டு ஓட்டுங்கள்.

மெஷின் ஆம்னி பஸ் டிக்கியில் கும்பகோணம் வந்தது. வீட்டில் வைத்து கேம் போட்டால் கொஞ்ச நேரத்தில் படம் திக்கித் திக்கி வருகிறது. கடைக்குப் போன் போட்டான். "கொண்டு வாங்க தம்பி, பாத்துடலாம்." கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர்!

நான் போய், வெப்பத்தைக் காட்டுகிற எச்டபிள்யூ இன்ஃபோ சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். சிப் வெப்பம் 100 டிகிரியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இன்டெல் பெட்டியோடு வருகிற கூலரை நான்கு பிளாஸ்டிக் பின்கள்தான் போர்டோடு பிடித்துக்கொண்டிருக்கும். அதில் ஒரு பின் வெளியே வந்து, கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. டிக்கியில் குலுங்கியதில் கழன்றிருக்க வேண்டும். கூலரை எடுத்து, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, ஒரு பட்டாணி அளவு புதிதாக வைத்து, எதிரெதிர் மூலைகளாக அமுக்கிப் பூட்டினேன். போர்டின் பின்பக்கம் திரும்பிப் பார்த்து நான்கு பின்னும் முழுசாக வெளியே வந்து விரிந்திருக்கிறதா என்று உறுதி பண்ணினால்தான் பூட்டியதாக அர்த்தம். வெப்பம் எழுபதுக்குக் கீழே இறங்கியது. கிராபிக்ஸ் கார்டு இருக்கிற மெஷினைப் பஸ்ஸில் கொண்டுவருவதாக இருந்தால் கார்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் கொண்டுவாருங்கள். எடை தாங்காமல் ஸ்லாட் போய்விடும்.

அன்றைக்கு நான் பக்கத்தில் இல்லை என்றால் பையன் என்ன செய்திருப்பான்? அதனால் கடையில் மாட்டி வாங்குவது பற்றி என் அபிப்பிராயம் இதுதான்: கடை உங்கள் ஊரில் இருந்தால் வாங்குங்கள். தஞ்சாவூரில், திருச்சியில் ஆயிரம் இரண்டாயிரம் கூடச் சொன்னாலும், பைக்கில் வைத்துக் கொண்டுபோய்க் காட்ட முடிகிற தூரத்தில் இருக்கிற கடைக்காரருக்கு அதைக் கொடுக்கலாம். ரிச்சி தெரு விலையை வைத்து அவரிடம் பேரம் பேசுங்கள், தப்பே இல்லை.

ஷாக் அடித்த கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது, மெஷின் கோளாறு என்று அக்கா பயந்துபோனாள். மெஷினில் ஒன்றும் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட இருக்கிற சின்னக் கெப்பாசிட்டர்கள், லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட் உடம்புக்கு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் உடம்பில் 230-ல் பாதி, சுமார் 115 வோல்ட் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவுதான், ஆனாலும் சுரீர் என்னும். அந்த அறையில் மூன்று பின் பிளக் பாயிண்ட் இருந்தது, அதன் எர்த் துளைக்குள் ஒயரே வரவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுத்ததும் நின்றது. பிராண்டட் வாங்கியிருந்தாலும் இதே ஷாக் அடித்திருக்கும்.

என் மெஷின்

எனக்கு நானே மாட்டிக்கொண்டேன், 2024 கடைசியில். ஆசை ஒரு பக்கம் இருந்தாலும் கட்டாயமும் இருந்தது. இப்போது கல்யாணத்துக்கு நாங்கள் எடுக்கும் கேமராக்கள் 10 பிட் 4:2:2 எச்.265-இல், அதாவது நிற விவரமும் சுருக்கமும் அதிகமாக உள்ள வீடியோ வடிவத்தில், பதிவு செய்கின்றன. அதைத் திணறாமல் ஓட்டுகிற வசதி இன்டெல் சிப்புக்குள் இருக்கும் கிராபிக்ஸில் 11-ஆம் தலைமுறையிலிருந்தே இருந்தது. என்விடியா கார்டுகளில் 2025-ல் வந்த 50 வரிசையில்தான் வந்தது. ஆக எனக்கு எஃப் இல்லாத இன்டெல் சிப் வேண்டும், கூடவே என்விடியா கார்டும் வேண்டும், 64 ஜிபி ராம் வேண்டும், இரண்டு எஸ்எஸ்டி, பெரிய ஹார்ட் டிஸ்க்குகள் வைக்க இடம் வேண்டும். "கேமிங் பிசி" என்று விற்கிற பிராண்டட் மெஷின்களில் விளக்கெல்லாம் எரிகிறது, ஹார்ட் டிஸ்க் வைக்க இடம் இல்லை. இந்தச் சேர்க்கை ரெடிமேடாக என் பட்ஜெட்டுக்குள் கிடைக்கவில்லை. நமக்கு வேண்டியது வழக்கத்துக்கு மாறாக இருக்கும்போதுதான் நாமே மாட்டுவதில் உண்மையான லாபம் இருக்கிறது.

ஐ7 14700 எடுத்தேன். 65 வாட் என்று கணக்கில் சொல்வார்கள். முழு வேகத்தில் 219 வாட் வரை இழுக்க இன்டெல்லே அனுமதிக்கிறது. சித்திரை வெயிலில், ஏசி இல்லாத ஸ்டூடியோவில், ஒரு மணி நேரம் ரெண்டர் ஓடினால் பெட்டியோடு வந்த கூலர் தாங்காது. டவர் கூலர் ஒன்றும், முன்பக்கம் கண்ணாடிக்குப் பதில் வலை இருக்கிற கேபினெட்டும் எடுத்தேன். கண்ணாடி முகப்பு பார்க்க அழகு, காற்றுக்குத் தடை.

முதல் தடவை மாட்டுகிறவர்களுக்கு: கேபினெட்டுக்குள் வைப்பதற்கு முன்னால் மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, சிப், கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் (சிப்பில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டும்) இணைத்து டிஸ்ப்ளே வருகிறதா பாருங்கள். எல்லாவற்றையும் பூட்டிய பிறகு வரவில்லை என்றால் காரணம் கேபினெட்டில் இருக்கிறதா போர்டில் இருக்கிறதா என்றே தெரியாது. சாக்கெட் மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது அந்த மூடி இல்லையென்றால் வாங்க மாட்டேன் என்பார்கள். போர்டில் நான்கு ராம் ஸ்லாட் இருந்து இரண்டு ராம் போடுகிறீர்கள் என்றால், சிப்பிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுவது வழக்கம். சிப்புக்கான 8 பின் ஒயரும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் ஒயரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வேறு வேறு. கழற்றி மாட்டுகிற ஒயர் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால், பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயரைப் புதியதில் செருகவே கூடாது. உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஹார்ட் டிஸ்க்கோடு சேர்ந்து புகையும்.

முதல் தடவை ஆன் செய்ததும் மின்விசிறிகள் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். பயப்பட வேண்டாம். டிடிஆர்5 ராம் என்றால் போர்டு முதலில் அதைச் சோதித்துப் பழகிக்கொள்ளும். ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளில் இதற்குப் பல நிமிடங்கள்கூட ஆகும். அவசரப்பட்டு ஆஃப் பண்ணிவிட்டு, ராம் ரிப்பேர் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலான போர்டுகளில் சிபியு (சிப்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கிற டிஸ்க்) என்று நான்கு குட்டி விளக்குகள் உண்டு. எதில் வெளிச்சம் நிற்கிறதோ அங்கே பாருங்கள். அப்புறம், மானிட்டர் ஒயரை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

டிஸ்ப்ளே வந்ததும் நான் செய்த முதல் வேலை பயாஸ் (மதர்போர்டுக்குள்ளேயே இருக்கிற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் தேவைக்கு மேல் வோல்டேஜ் வாங்கிக் கெட்டுப்போகிற பிரச்சினை 2024-ல் பெரிதாக வெடித்தது. இன்டெல் அந்த ஆகஸ்ட், செப்டம்பரில் திருத்தம் கொடுத்து, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. கடையில் தூசி படிந்து இருந்த போர்டில் பழைய பயாஸ்தான் இருக்கும். பெட்டியில் வாங்கிய சிப்புக்கு இன்டெல்லிடமே நேராகப் போகலாம். சிஸ்டத்தோடு வந்த சிப் என்றால் சிஸ்டம் விற்ற கம்பெனியிடம் போகச் சொன்னது.

பயாஸில் இன்னொரு வேலை, எக்ஸ்எம்பி. அதை ஆன் செய்யாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய ராம் அதன் முழு வேகத்தில் ஓடாது. அசெம்பிள் செய்த எத்தனையோ மெஷின்களில் வருஷக்கணக்கில் இது ஆஃபிலேயே கிடக்கிறது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது, முகூர்த்த மாதத்தில் எக்ஸ்போர்ட் பாதியில் நிற்க ஆரம்பித்தது. ஒரு நாள் 40 சதவீதத்தில், ஒரு நாள் 90-ல். முதலில் சாஃப்ட்வேரைச் சந்தேகப்பட்டேன். வேறு பிராஜெக்ட்டிலும் வந்தது. வெப்பம் சரியாக இருந்தது. கிராபிக்ஸ் டிரைவரை மாற்றிப் பார்த்தேன். ராமைக் கழற்றி, தங்கப் பூச்சு முனையைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்து மறுபடி போட்டேன். பழைய மெஷின்களில் பாதி நோய் இதிலேயே தீரும், இதில் தீரவில்லை. கடைசியில் ராத்திரி, ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ஒவ்வொரு ராமாகத் தனியாகப் போட்டுச் சோதித்ததில் ஒன்று மட்டும் கெட்டது என்று உறுதியானது.

ராமுக்கு வாரண்டி ஆயுள் முழுக்க. ஆனால் ஜோடியாக வாங்கியது ஜோடியாகத்தான் திரும்ப வர வேண்டும் என்றார்கள். நல்லதையும் சேர்த்து கூரியரில் சென்னைக்கு அனுப்பினால், புதியது வர வாரக்கணக்கு. அதுவரை மெஷினில் ராமே இல்லை! மாப்பிள்ளை வீட்டார் வீடியோ எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்க, கையிலிருந்து காசு போட்டு 16 ஜிபி ஒன்று வாங்கி ஒட்டினேன். அந்த வாரங்களில் மச்சான் ஆபீசுக்கு வந்த இன்ஜினியரை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. நாமே மாட்டினால் ஒவ்வொரு பாகத்துக்கும் நீளமான வாரண்டி கிடைக்கும். போர்டுக்கு மூன்று வருஷம், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஏழு, பத்துகூட. ஆனால் மொத்த மெஷினுக்கு என்று ஒரு வாரண்டி கிடையாது. குற்றவாளி யார் என்று நாம் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் அவரவர் கதவைத் திறப்பார்கள். கம்ப்யூட்டரை வைத்துப் பிழைக்கிறவர்கள் தாமே மாட்டுவதாக இருந்தால், அவசரத்துக்கு ஓட்ட ஒரு பழைய மெஷினையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவில் கம்பெனிகள் கழித்துக்கட்டிய ஆபீஸ் டெஸ்க்டாப்புகள் சல்லிசாகக் கிடைக்கும். என் அசிஸ்டென்ட் இப்போது ஆல்பம் டிசைன் செய்வது அப்படி வாங்கிய ஒன்றில்தான்.

இன்னொரு விஷயம் காலம். 2021-ல் கிரிப்டோ மைனிங்கால் கிராபிக்ஸ் கார்டு விலை வானத்தில் இருந்தது. கார்டோடு சேர்த்து முழு பிராண்டட் மெஷின் வாங்குவதே லாபமாக இருந்த காலம் அது. 2025 கடைசியிலிருந்து ராமுக்கு அந்த நிலை. மெமரி சிப்பெல்லாம் ஏஐ டேட்டா சென்டர்களுக்குப் போகிறது. மைக்ரான் கம்பெனி குருஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே விடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பெரிய பிராண்டுகள் மொத்தமாக முன்கூட்டியே பேசி வாங்கி வைத்திருப்பதால், இம்மாதிரிச் சமயங்களில் கடையில் தனித்தனியாக வாங்குகிறவனுக்குத்தான் முதல் அடி. போன வருஷம் யாரோ போட்ட கணக்கை நம்பாமல், வாங்குகிற வாரத்தில் இரண்டு பக்கமும் விலை கேளுங்கள். ராம், எஸ்எஸ்டி கொட்டேஷன் மூன்று நாளைக்கு மேல் செல்லாது என்று இப்போது கடைக்காரர்களே எழுதிக் கொடுக்கிறார்கள்.

அக்கா மகன் போன வாரம் வந்தான். கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டுமாம். ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி 115 வாட் கார்டு என்றால் அன்றைக்கு அடம்பிடித்து வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸே போதும், யூபிஎஸ்ஸைத்தான் மாற்ற வேண்டும் என்றேன். 600 விஏ என்று எழுதியிருக்கிற யூபிஎஸ் உண்மையில் கொடுப்பது 360 வாட் பக்கம்தான், அதிலேயே மானிட்டரும் ஓடுகிறது. கேம் நடுவில் கரண்ட் போனால் சேவ் பண்ண நேரமிருக்காது. "கார்டு விலையே கூடிடுச்சு, இதுல யூபிஎஸ் வேறயா மாமா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். இந்தத் தடவை கும்பகோணத்திலேயே ஒரு கடையில் விலை கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.